டென்னிஸ் திடலிலிருந்து அமைச்சர் பதவி வரை: ராஜகுமாரி அம்ரித் கௌரின் வாழ்வும் தொண்டும்

(பத்து பாகாட் வட்டார ரப்பர் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தகவல் இலாகா அதிகாரி நிகழ்த்திய உரை)

 

இன்று நாம் உங்கள் முன் எடுத்துரைக்க வந்திருப்பது ஒரு பெண்மணியின் வரலாறு. அரச மரபிற் பிறந்து, டென்னிஸ் ஆட்டத்தில் வெற்றி வீராங்கனையாகத் திகழ்ந்து, பின்னர் அச்சுகவாழ்வைத் துறந்து, நாட்டு விடுதலைக்காகச் சிறை புகுந்து, இறுதியில் சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சராகப் பத்து ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். அவர்தம் பெயர் ராஜகுமாரி அம்ரித் கௌர்.

வட இந்தியாவிற் பிறந்த ஓர் அரசகுமாரிக்கும், பத்து பாகாட் வட்டாரத்தில் பால்மரம் சீவும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. நம்மில் பெரும்பாலோரின் தோளருகே சிறு தழும்பு ஒன்று இருக்கிறது. காசநோயைத் தடுப்பதற்காகப் போடப்பட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு அது. நம் பாட்டனார் காலத்தில் தோட்டங்களையே சூறையாடிய மலேரியாக் காய்ச்சலும் காசநோயும் எவ்வாறு ஒடுக்கப்பட்டன என்பதை அறிய விரும்புவோர், ஆசியாவின் மறு கோடியில் அதே பகைவர்களோடு போரிட்ட இப்பெண்மணியின் வரலாற்றை அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

துரைமார் ஆட்டம்

டென்னிஸ் என்பது நம் தோட்டப்புறங்கள் அறியாத ஆட்டமன்று. ஆயினும் அது நம்முடைய ஆட்டமாக இருந்ததுமில்லை. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தோட்டத் துரைமார் மாலை வேளைகளிற் கூடிப் பொழுதுபோக்கிய கிளப்புகளில் டென்னிஸ் திடல்கள் இருந்தன. அத்திடல்களைப் பராமரிக்கும் வேலை உழைப்பாளிக்கு உரியதாயிற்று. மட்டையைப் பிடிக்கும் உரிமை அவனுக்கு இருந்ததில்லை. தோட்டப் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை காற்பந்தும் சடுகுடுவும் போன்ற ஆட்டங்களே.

இந்தியாவிலும் அன்றைய நிலை இதுவே. சிம்லா போன்ற மலை நகரங்களில் ஆட்சியாளரும், சமஸ்தான மன்னர்களும், உயர் அதிகாரிகளும் ஆடி மகிழ்ந்த ஆட்டமாக டென்னிஸ் இருந்தது. நல்ல உணவு, நல்ல காற்று, ஓய்வு, மருத்துவ வசதி ஆகிய நான்கும் வாய்க்கப்பெற்றவர்களே அதனை ஆட முடிந்தது. அந்த வட்டத்திற்குள்ளே பிறந்தவர் அம்ரித் கௌர். அவ்வட்டத்தை விட்டு அவர் வெளியே வந்ததும், வெளியே நின்ற கோடிக்கணக்கான மக்களின் உடல்நலத்திற்காகத் தம் உழைப்பை ஈந்ததுமே நாம் இன்று சொல்லப் புகும் செய்தியாகும்.

பிறப்பும் கல்வியும்

அம்ரித் கௌர் 1880-களின் பிற்பகுதியில் லக்னோ நகரிற் பிறந்தார். தந்தையார் ராஜா சர் ஹர்னாம் சிங், பஞ்சாபிலிருந்த கபூர்தலா சமஸ்தானத்தின் அரச மரபினர். சீக்கியக் குடும்பத்திற் பிறந்து கிறிஸ்துவ சமயத்தைத் தழுவியவர். தாயார் பிரிசில்லா, வங்காளக் கிறிஸ்துவப் போதகர் ஒருவரின் புதல்வியார். சகோதரர் பலருக்கிடையே ஒரே பெண்ணாக அம்ரித் கௌர் வளர்ந்தார்.

பெண்களுக்கு எழுத்தறிவே வேண்டாமென்று கருதப்பட்ட அந்நாளில், பெற்றோர் அவரை இங்கிலாந்திற்கு அனுப்பி, டார்செட் மாவட்டத்திலுள்ள ஷெர்போர்ன் பெண்கள் பள்ளியிற் படிக்க வைத்தனர். அங்கே அவர் படிப்பில் மட்டுமன்றி ஹாக்கி, கிரிக்கெட் முதலிய ஆட்டங்களிலும் முன்னணியில் நின்றார். கல்வி முடித்துத் தாயகம் திரும்பியபின், டென்னிஸ் ஆட்டத்தில் அவர் பெயர் ஓங்கிற்று. போட்டிகள் பலவற்றில் வென்று பரிசுகள் பெற்றார்.

டென்னிஸில் ஒற்றையர் ஆட்டம் ஆடுபவருக்குத் துணைக்கு ஒருவரும் இலர். காற்பந்தில் ஒருவர் சோர்ந்தால் மற்றொருவர் தாங்குவார். இங்கே வலைக்கு இப்பால் நிற்பவர் ஒருவரே. எதிரி அடித்த பந்து எங்கே விழும் என்பதை முன்னதாக உணர்ந்து ஓட வேண்டும். ஒரு சுற்றுத் தோற்றாலும் அடுத்த சுற்றுக்கு மனம் தளராது நிற்க வேண்டும். இப்பயிற்சி பின்னாளில் அவருக்கு எவ்வாறு கைகொடுத்தது என்பதை மேலே காண்போம்.

வாழ்க்கையின் திருப்பம்

ஹர்னாம் சிங்கின் இல்லத்திற்கு வந்து செல்லும் தலைவர்களுள் கோபால கிருஷ்ண கோகலேயும் ஒருவர். அவர் வாயிலாகவே நாட்டு விடுதலை பற்றிய எண்ணமும், காந்தியடிகள் மீது மதிப்பும் அம்ரித் கௌரின் உள்ளத்தில் வேரூன்றின. 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், அமிர்தசரஸ் நகரின் ஜாலியன்வாலா பாக் திடலில் கூடியிருந்த மக்கள்மீது படையினர் சுட்டனர். அரசாங்கக் கணக்கின்படியே 379 பேர் மாண்டனர். அது அவருடைய சொந்தப் பஞ்சாப் மண். அவ்வாண்டிலேயே பம்பாயில் காந்தியடிகளை அவர் நேரிற் சந்தித்தார்.

எனினும் அவர் உடனே வீட்டை விட்டு வெளியேறவில்லை. மகள் போராட்டத்தில் இறங்குவதைப் பெற்றோர் விரும்பவில்லை. முதுமையுற்ற தந்தையாரைப் பேணும் கடமை அவருக்கு இருந்தது. 1930-இல் தந்தையார் மறையும் வரை அக்கடமையை நிறைவேற்றிக்கொண்டே, சமூகத் தொண்டில் ஈடுபட்டார். 1934-இல் காந்தியடிகளின் ஆசிரமத்திற்குச் சென்று சேர்ந்தார். பட்டாடையும் அணிகலனும் பூண்டிருந்த அரசகுமாரி, கதராடை உடுத்தி, இராட்டையில் நூல் நூற்று, எளிய உணவு உண்டு வாழலானார். காந்தியடிகளின் செயலாளர்களுள் ஒருவராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். அடிகள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாகவே வெளிவந்தன.

1937-இல் வடமேற்கு எல்லைப்புறத்திலுள்ள பன்னு என்னும் ஊருக்குச் சென்றபோது, அரசைப் பகைத்தார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் சிறையிடப்பட்டார். 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் எழுந்தபோது சிம்லாவில் ஊர்வலங்களை நடத்தித் தடியடிக்கு ஆளானார். மீண்டும் சிறை புகுந்தார். டென்னிஸ் ஆடிப் பரிசு வாங்கிய அதே சிம்லாவில், ஐம்பது வயதைக் கடந்த அவர் தடியடி பட்டார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாதர் உரிமைக்குக் குரல்

1927-இல் தோன்றிய அகில இந்திய மாதர் மாநாடு என்னும் அமைப்பை நிறுவியவர்களுள் அம்ரித் கௌரும் ஒருவர். குழந்தை மணம், கோஷா முறை, பெண்களின் எழுத்தறிவின்மை ஆகியவற்றை எதிர்த்து அவ்வமைப்பு பாடுபட்டது. 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் மண வயது 14-க்குக் குறையலாகாது என்று விதித்தது. அச்சட்டத்திற்கு ஆதரவாக எழுந்த மாதர் குரல்களில் இவருடைய குரலும் கலந்திருந்தது.

தமிழ் மக்கள் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1933-இல் இந்தியாவின் புதிய அரசியல் அமைப்பை ஆராய்ந்த பிரிட்டிஷ் பாராளுமன்றக் கூட்டுக் குழுவின் முன், இந்திய மாதரின் சார்பில் மூவர் லண்டனிற் சாட்சியம் அளித்தனர். ஒருவர் அம்ரித் கௌர். மற்றொருவர் பேகம் ஹமீத் அலி. மூன்றாமவர் புதுக்கோட்டையிற் பிறந்த நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. கிறிஸ்துவர், முஸ்லிம், இந்து என மூன்று சமயத்தவராகிய அம்மூவரும் ஒரே குரலில் வேண்டியது, வயது வந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடின்றி வாக்குரிமை என்பதேயாம். சொத்தும் படிப்பும் உள்ளவர்க்கே வாக்கு என்று ஆட்சியாளர் பேசிவந்த காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத கூலிப் பெண்ணுக்கும் வாக்கு வேண்டுமென்று அரசகுமாரி ஒருவர் கேட்டார்.

அமைச்சர் பொறுப்பு

1946-இல் கூடிய இந்திய அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற 15 பெண்களுள் அம்ரித் கௌரும் ஒருவர். 1947 ஆகஸ்ட் 15-ஆம் நாள் நேரு தலைமையில் முதல் அமைச்சரவை பொறுப்பேற்றபோது, சுகாதாரத் துறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் நிதியமைச்சராக அமர்ந்த அதே அமைச்சரவையில், அம்ரித் கௌர் ஒருவரே பெண். 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1957 வரை அப்பொறுப்பில் நீடித்தார்.

அவர் பொறுப்பேற்ற வேளையில் நாட்டின் நிலை என்ன? மலேரியாவால் ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேர் பீடிக்கப்பட்டதாகவும், அவர்களுள் 8 லட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டது. காசநோய்க்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் பேர் பலியாயினர். மக்களின் சராசரி ஆயுள் 32 ஆண்டுகள் அளவிலேயே இருந்தது. இவையன்றி, நாட்டுப் பிரிவினையால் வீடிழந்து வந்த அகதிகள் லட்சக்கணக்கில் முகாம்களில் நிறைந்திருந்தனர். காலரா போன்ற நோய்கள் பரவாமல் அவர்களைக் காப்பதே புதிய அமைச்சரின் முதல் வேலையாயிற்று.

1950-இல் ஜெனீவாவிற் கூடிய உலகச் சுகாதாரப் பேரவையின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியை வகித்த முதல் பெண் அவரே.

கொசுவை எதிர்த்த போர்

மலேரியாவைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டின் பழைய கதையையும் சற்றே நினைவுகூர்தல் பொருந்தும். மலாயாவிற் காடழித்து ரப்பர் நட்ட தொடக்க காலத்தில், கப்பலேறி வந்த தொழிலாளர் பலர் பால்மரம் வளர்ந்து நிற்பதைக் காணுமுன்பே காய்ச்சலில் மடிந்தனர். 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் கால்வாய் வெட்டி நீரை வடித்து அந்நகரில் காய்ச்சலைத் தணித்தார். ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் அம்முறை பலிக்கவில்லை. காடு இருந்தவரை நிழலில் ஓடிய ஓடைகள், மரங்கள் வீழ்த்தப்பட்டதும் வெயிலில் திறந்து கிடந்தன. வெயில் படும் தெளிந்த ஓடை நீரிலேயே இனப்பெருக்கம் செய்யும் கொசுவினம் ஒன்று அங்கே பெருகிற்று. ஆகவே ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் விடவும், நீரின்மேல் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியதாயிற்று. தோட்டங்களில் எண்ணெய் தெளிப்பதற்கென்றே ஆட்கள் அமர்த்தப்பட்டதன் காரணம் இதுவே.

இந்தியாவிலோ, ஒரு தோட்டம், ஒரு நகரம் என்றில்லாமல் நாடு முழுவதையும் காக்க வேண்டியிருந்தது. அம்ரித் கௌரின் பொறுப்பில், 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. கிராமம் கிராமமாகச் சென்று வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்து தெளித்தனர். மனிதனைக் கடித்தபின் சுவரில் அமர்ந்து இளைப்பாறும் கொசு, அம்மருந்து பட்டு மடியும். நோயைப் பரப்பும் சங்கிலி இவ்வாறு அறுபட்டது. ஏழரைக் கோடியாக இருந்த நோயாளர் தொகை, 1961 அளவில் 50,000 ஆகக் குறைந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெற்றி கிட்டியதென்று விழிப்புத் தளர்ந்தது; கொசுக்களும் மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்றன. 1976-இல் இந்தியாவில் மீண்டும் 64 லட்சம் பேருக்கு மலேரியா கண்டது. டென்னிஸ் ஆடுவோர் இதனை நன்கறிவர். கடைசிப் புள்ளி கைக்கு வரும்வரை ஆட்டம் முடிந்ததாகாது.

நம் நாட்டில் 1967-இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. அரை நூற்றாண்டு உழைப்பின் பயனாக, மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவும் மலேரியா 2018-இல் உள்நாட்டில் ஒருவருக்கும் காணப்படாத நிலை முதன்முறையாக எய்தப்பட்டது. ஆயினும் குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதனுக்குத் தொற்றும் மலேரியா காட்டோரங்களில் இருக்கவே செய்கிறது. காட்டை அடுத்த நிரைகளில் விடியுமுன் மரம் சீவச் செல்வோர், முழுக்கைச் சட்டை அணிவதும் காய்ச்சல் கண்டவுடன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் இன்றியமையாதன.

காசநோயும் தடுப்பூசியும்

அம்ரித் கௌர் மிகுந்த அக்கறையோடு எதிர்த்த மற்றொரு பகைவன் காசநோய். 1948-இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. மருந்து தயாரிக்கும் ஆய்வுக்கூடம் அமைந்தது. 1951 முதல் தடுப்பூசி இயக்கம் நாடெங்கும் விரிந்தது. புதியது எதனையும் மக்கள் ஐயத்தோடு நோக்குவது இயல்பு. 1955-இல் ராஜாஜி அவர்களே பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து எழுதினார். நாடு போற்றிய பெருந்தலைவர் ஒருவரின் எதிர்ப்பு அது. அம்ரித் கௌர் பின்வாங்கவில்லை, இயக்கம் தொடர்ந்தது.

அடுத்து நிகழ்ந்ததே ஏழை மக்களுக்கு மிகவும் பயன் தந்த செய்தியாகும். அந்நாளில் காசநோயாளியை மலைப்பகுதிச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுப்பதே சிகிச்சையாகக் கருதப்பட்டது. கூலி வேலை செய்பவன் அதற்கு எங்கே போவான்? அவன் படுத்தால் குடும்பம் பட்டினி கிடக்கும். 1956-இல், அம்ரித் கௌர் அமைச்சராக இருந்த காலத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடிச் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தை நிறுவின. நெரிசல் மிகுந்த ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், மறு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர்.

1959-இல் வெளியான முடிவு உலக மருத்துவர்களை வியப்பில் ஆழ்த்திற்று. போதிய உணவும் இடவசதியும் இல்லாத வீட்டில் இருந்தவர்களும், சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ ஒப்பாகவே குணமடைந்தனர். வீட்டார்க்கு நோய் பரவுதலும் மிகுந்துவிடவில்லை. மருந்தை ஒழுங்காக உட்கொள்வதே உயிர் காக்கும் என்பது தெளிவாயிற்று. பல நாடுகளின் காசநோய்ச் சிகிச்சை முறையையே மாற்றியமைத்த இவ்வுண்மை, தமிழ் பேசும் ஏழை நோயாளிகளின் வீடுகளில் கண்டறியப்பட்டதாகும்.

மருத்துவக் கல்வியும் தாதியர் பயிற்சியும்

டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் அவருடைய உழைப்பின் நிலையான சின்னம். இத்தகைய உயர்கழகம் ஒன்று வேண்டுமென்று 1946-இல் போர் குழு பரிந்துரைத்திருந்தது, பணமோ இல்லை. அம்ரித் கௌர் பல நாடுகளின் உதவியை நாடினார். கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து 10 லட்சம் பவுன் வழங்கியது. 1952-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1956-இல் அதற்கான சட்ட மசோதாவை அவரே பாராளுமன்றத்திற் கொண்டுவந்து நிறைவேற்றினார். கழகத்தின் முதல் தலைவராகவும் பொறுப்பேற்றார். சிம்லாவில் இருந்த தம் குடும்ப மாளிகையை அக்கழகத்திற்கே கொடையாக அளித்து, அங்குப் பணிபுரிவோர் சென்று இளைப்பாறும் இல்லமாக்கினார்.

தாதியர் தொழிலைத் தாழ்வாகக் கருதி, நல்ல குடும்பத்துப் பெண்கள் செய்யத் தகாத வேலை என்று ஒதுக்கியவர் அந்நாளில் பலர். அரச மரபினரான அம்ரித் கௌர் அத்தொழிலின் பெருமையை எங்கும் எடுத்துரைத்தார். 1946-இல் டில்லியில் தொடங்கிய தாதியர் கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

விளையாட்டை மறவாதவர்

அமைச்சரான பின்பும் ஆட்டத்திடலை அவர் மறந்தாரல்லர். 1953-இல் விளையாட்டு வீரர்களுக்குத் தகுந்த ஆசிரியர்களைக் கொண்டு பயிற்சி அளிக்கும் திட்டம் ஒன்றை அவர் தொடங்கிவைத்தார். அது ராஜகுமாரி பயிற்சித் திட்டம் என்றே வழங்கலாயிற்று. தாம் பணவசதியால் பெற்ற பயிற்சி, வசதியற்ற பிள்ளைகளுக்கும் கிட்ட வேண்டுமென்பதே அதன் நோக்கம்.

ஆட்டத்திடலில் பெற்ற ஊக்கத்தை மருத்துவத் தொண்டுக்குக் கொண்டு சென்றவர்கள் நம் நாட்டிலும் உண்டு. 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற ஓட்டக்காரர் ஜெகதீசன், மருத்துவம் பயின்று, பின்னர்க் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தார். பெண்களை நோக்குவோமாயின், நம் ஜொகூர் மாநிலத்திற் பிறந்த துன் பாத்திமா ஹாஷிம் 1969-இல் மலேசியாவின் முதல் பெண் அமைச்சராகி, பொதுநலத் துறையை ஏற்றார்.

நிறையும் குறையும்

ஒருவரைப் பாராட்டும்போது அவர் செய்தவை யாவும் குறையற்றவை என்று கூறுவது அறிவுடைமையாகாது. குடும்பக் கட்டுப்பாடு பற்றிய கொள்கையில் அம்ரித் கௌர் காந்தியடிகளின் வழியையே பின்பற்றினார். செயற்கைக் கருத்தடைச் சாதனங்களை அவர் ஆதரிக்கவில்லை. இயற்கை முறையே போதுமென்றார். 1952-இல் குடும்பநலத் திட்டம் தொடங்கியும் தொடக்க ஆண்டுகளில் அது மெதுவாகவே நகர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று பின்னாளில் ஆராய்ந்தோர் எழுதினர். கிராமத்துச் சிறு மருத்துவமனையைவிடத் தலைநகரத்துப் பெருங்கழகத்திற்கே அவர் மிகுதியும் பாடுபட்டார் என்று குறை கூறியோரும் உண்டு. இவற்றையும் அறிந்த பின்னரும், அவர் ஆற்றிய தொண்டு பெரிதாகவே நிற்கிறது.

1957-இல் அமைச்சர் பதவியிலிருந்து விலகிய பின் மாநிலங்கள் அவையின் உறுப்பினராக இருந்தார். செஞ்சிலுவைச் சங்கப் பணியையும் காசநோய் ஒழிப்புப் பணியையும் விடாது நடத்தினார். 1964 பிப்ரவரி 6-ஆம் நாள் டில்லியில் இயற்கை எய்தினார். திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு மக்கட்பேறு இல்லை. அவர் வளர்த்த நிலையங்களே அவர் பெயரைச் சொல்லி நிற்கின்றன. 2020-இல் அமெரிக்காவின் டைம் சஞ்சிகை, கடந்த நூற்றாண்டின் சிறந்த பெண்களை ஆண்டுக்கு ஒருவராக வரிசைப்படுத்தியபோது, 1947-ஆம் ஆண்டுக்கு அவரையே தேர்ந்தெடுத்தது.

நாம் செய்ய வேண்டுவன

தாய்மார்களே, பெரியோர்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டுவது ஒன்று. உடல்நலம் என்பது துரைமாருக்கும் செல்வருக்கும் மட்டும் உரிய உடைமையன்று. உழைப்பவனுக்கும் அது உரியது. இதனை அம்ரித் கௌர் வாயாற் சொன்னதோடு நில்லாமல் சட்டத்தாலும் திட்டத்தாலும் நிலைநாட்டினார். ஆனால் எந்த அமைச்சரும் நம் வீட்டுக்கு வந்து நம் வாயில் மாத்திரையை ஊட்ட இயலாது. எஞ்சிய பங்கு நம்முடையது.

மலேசியாவில் ஆண்டுதோறும் 20,000 பேருக்கு மேல் காசநோய் காணப்படுகிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தாலும், மாலையில் காய்ச்சல் கண்டாலும், உடல் இளைத்தாலும், அது சளி, வேலைக் களைப்பு என்று சொல்லிக் காலந்தாழ்த்தலாகாது. அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கோ, பத்து பாகாட் சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனைக்கோ சென்று சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நோய் உறுதியானால் மருந்தை வழக்கமாக ஆறு மாதம் தவறாது உண்ண வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பும் தேறும். அப்போதுதான் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். உள்ளே எஞ்சிய கிருமிகள் மருந்தையே வெல்லும் வலிமை பெற்றுத் திரும்பி வருவது அதனாலேதான்.

"ஒரு நாள் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடுமே" என்னும் கவலையை நாம் அறியாமலில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவை உடையவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு உட்பட்டவருக்கு 18 நாளும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் சேவை உடையவருக்கு 22 நாளும் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தால் அதற்கென 60 நாள் வரை இடமுண்டு. மருத்துவர் அளிக்கும் சான்றிதழை உடனே கிராணியிடமோ நிர்வாகத்திடமோ சேர்ப்பித்து, இவ்வுரிமையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. சட்டம் தந்த உரிமை அது.

குழந்தை பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. முதற்கொண்டு எல்லாத் தடுப்பூசிகளையும் உரிய காலத்தில் போட்டுக்கொள்ளச் செய்யுங்கள். லயத்தைச் சுற்றித் தேங்கும் நீரை வாரம் ஒரு முறை வடித்துவிடுங்கள். பயன்படாத பால்மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். மங்கில் நிற்கும் மழைநீர் டிங்கிக் கொசுவுக்குத் தொட்டிலாகும்.

இறுதியாக, பெண் பிள்ளைகளைப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் தோட்டத் திடலில் ஓடவும் பந்து ஆடவும் விரும்பினால் தடுக்காதீர்கள். உடல் உரமும் துணிவும் அங்கேதான் வளரும். பள்ளியிறுதித் தேர்வில் தேறி, தாதியாகவோ மருத்துவராகவோ ஆக வேண்டுமென்று அவள் சொன்னால், "பெண்ணுக்கு இது எதற்கு" என்று வாயை அடைக்காதீர்கள். அரண்மனையிலிருந்து இறங்கி வந்து ஒரு பெண் இவ்வளவு தொண்டு செய்ய முடிந்ததென்றால், லயத்திலிருந்து எழுந்து செல்லும் நம் பெண்ணால் அதனினும் மேலாகவே செய்ய முடியும். நோயின் கொடுமையையும் கூலி இழப்பின் வேதனையையும் அவள் ஏட்டிற் படித்து அறிய வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலேயே கண்டறிந்தவள் அவள்.

உடல்நலம் பேணுவோம்; கல்வியிற் சிறப்போம்; நாட்டுக்கும் வீட்டுக்கும் நற்றொண்டு புரிவோம்.